தோஹா வரைக்கும் போன உன் ஓட்டு

அன்புள்ள சரவணனுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. எதையும் மண்டையில் ஏற்றிக்கொள்ளாத பிள்ளைக்கு நலக்குறைவு எந்த வழியாக வரும்? இன்று செவ்வாய்க்கிழமை, மத்தியானம். இங்கே பஹ்ரைனில், குதைபியாவில் நம் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் கோல்டு ஸ்டோர் மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அங்கே நார்த் கரோலினாவில் உனக்கு இன்னும் சரியாக விடிந்திருக்காது. விடிந்தால் உங்கள் மாநிலத்தில் ஓட்டுப்பதிவு. நீ போய் ஓட்டுப் போடுவாயா மாட்டாயா என்பதுதான் இந்த வீட்டில் இப்போதைக்கு ஒரே கேள்வி. உன் அப்பா கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, சோபாவில் மல்லாந்து படுத்து, ஓடாத ஏசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் தாங்காமல் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தனியாக உனக்கு அனுப்பினால் நீ படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கு நீல டிக் விழுவதற்குள் ஒரு குழந்தைக்குப் பால்பல் விழுந்து முளைத்துவிடும். ஆகவே இதைத் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். மலரில் வந்தால் சவூதியில், கோபாரில் இருக்கும் உன் மாமனார் படிப்பார். அவர் படித்தால் உனக்கு ஃபார்வர்ட் செய்வார். மாமனார் அனுப்பியது என்றால் நீ எழுந்து உட்கார்ந்து படிப்பாய். பெற்றவள் சொல்வது மகன் காதில் விழ இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்து, மரத்துப்போன வாயோடு வருகிறவர்களிடமே வம்பு கேட்டு வாங்குகிற எனக்கு, என் வீட்டு வம்பை வெளியே விடுவதில் என்ன கூச்சம்?

மலர் படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். கல்யாணம் முடிந்து நீயும் நிவேதாவும் விமானம் ஏறிய மறுநாள், மிச்சம் விழுந்த தாம்பூலப் பைகளை ஒழிக்கலாம் என்று ஃபிரிட்ஜ் மேலே கை விட்டேன். பைகளுக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை உறை. மேலே உன் பெயர், உன் கரோலினா முகவரி, தேர்தல் அலுவலகத்தின் பெயர். ஒட்டுகூடப் பிரிக்கவில்லை. ‘தேர்தல் சமயம் அங்க இருப்பனோ மாட்டனோ’ என்று நீயே கேட்டு வாங்கிய தபால் ஓட்டு. ‘பஹ்ரைன் வந்து நிதானமா நிரப்பி அனுப்பிடறேம்மா’ என்று லேப்டாப் பையில் வைத்துக் கொண்டுவந்தாய். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். உறையின் மூலையில் மஞ்சள் கறை வேறு. எந்த அறிவுகெட்டவர் இதன்மேல் தாம்பூலப் பையைக் கொண்டுவந்து அடுக்கினாரோ என்று கொஞ்ச நேரம் திட்டினேன். அப்புறம்தான் அடுக்கியது நான் என்று ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் வேறு ஊர்த் தாயாக இருந்தால் மகனுக்குப் போன் போட்டு, ‘என்னப்பா செய்ய?’ என்று கேட்டிருப்பாள். நான் கால் நூற்றாண்டாக வளைகுடாவில் இருப்பவள். நமக்குத் தபால் என்றால் அப்பா கம்பெனியின் பி.ஓ. பாக்ஸ், அதைத் திறக்கும் ஆள் லீவில் போனால் தபாலும் லீவில் போகும். ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகவேண்டும் என்றால் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘யாரு போறா?’ ஊறுகாய், பிரஷர் மாத்திரை, ஜாதகம், வெள்ளிக் கொலுசு எல்லாம் அப்படி யாரோ ஒருவர் கையில்தான் கடல் தாண்டியிருக்கின்றன. உன் கல்யாணத்துக்கு வந்த கூறைப்புடவையே, முகம் தெரியாத ஒரு மனிதரின் பெட்டியில் கோபாரிலிருந்து கடல் பாலம் ஏறி வந்து இறங்கியது. அதில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்த நம்பிக்கையில் நேரே சதக் பாய் கடைக்குப் போனேன்.

சதக் பாயை உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். காயல்பட்டினத்துக்காரர். அடுத்த சந்தில் அத்தர் கடை. ஜாதிக்காயிலிருந்து சம்பந்தம் வரைக்கும் எது வேண்டுமானாலும் அவரிடம் ஒரு வழி இருக்கும்.

“பாய், அமெரிக்காவுக்கு யாராவது போறாவளா?”

“என்ன சாமான், தங்கச்சி?”

“சரவணன் ஓட்டுச் சீட்ட மறந்து வச்சிட்டுப் போயிட்டான்.”

“ஓட்டுச் சீட்டா? எத்தன கிலோ வரும்?”

கிலோவெல்லாம் இல்லை, காகிதம்தான் என்றேன். அவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது. “என் மச்சான் நாளைக்கு தோஹா போறாஹ. அங்க நஜ்மாங்கிற ஏரியாவுல என் தங்கச்சி மவ இருக்கா. அவ மாப்ளைக்கு வேலை உன் மவன் இருக்குற மாநிலத்துலதான், சார்லெட்டுன்னு ஒரு ஊரு. அடுத்த வாரம் அவ கெளம்புறா. கொடுத்து வுடு. ஆனா வெறும் பேப்பர் மட்டும் போனா மரியாதையா இருக்காதும்மா, கூட ஏதாவது வையி.”

மரியாதை கெடக் கூடாது என்று ஒரு பாட்டில் நெத்திலிக் கருவாடு, குக்கருக்கு ஒரு கேஸ்கட், நிவேதாவுக்கு இரண்டு ஜாக்கெட் துணி, இவற்றோடு உன் ஓட்டை வைத்து, பழுப்பு டேப் சுற்றி, கயிறு கட்டி, உன் பெயரை நான்கு பக்கமும் எழுதி அனுப்பினேன். பொட்டலம் நஜ்மா போய்ச் சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான், வேலையை முடித்த பெருமையோடு உன்னைக் கூப்பிட்டேன்.

“ஏல, உன் ஓட்டு தோஹா வரைக்கும் போயிட்டு.”

“என்னம்மா சொல்ற? எந்த ஓட்டு?”

எந்த ஓட்டாம்! விவரம் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம்.

“அம்மா! அத வேற யாரும் கொண்டுபோகக் கூடாதும்மா! நான், இல்லன்னா நெருங்கின சொந்தம், அவ்வளவுதான். இட்ஸ் எ ஃபெலனி!”

“அப்படின்னா?”

“ஜெயில்மா!”

“யாருக்கு, உனக்கா?”

“யார் கைல இருக்கோ அவங்களுக்கு!”

சதக் பாயின் தங்கச்சி மகள் கைக்குழந்தைக்காரி. அவள் அமெரிக்க விமான நிலையத்தில் இறங்க, நெத்திலிப் பாட்டிலுக்குப் பின்னால் இருந்து உன் ஓட்டு எட்டிப் பார்க்க, நான்கு போலீஸ்காரர்கள் ஓடிவர, எல்லாம் எனக்குக் கண்முன்னே படமாக ஓடியது. கிளினிக்கில் டோக்கனுக்கு நின்ற ஒரு நோயாளியை வாய் பிளந்தபடி விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து போன் போட்டேன்.

“பாய், அந்தப் பொட்டலத்தப் பிரிக்கச் சொல்லுங்க! ஓட்ட மட்டும் எடுத்துரணும், கருவாடு போவட்டும்!”

“கருவாட்டப் புடிப்பானுவளோன்னுதான தங்கச்சி நான் பயந்து கெடந்தேன். பேப்பரையா புடிப்பானுவோ? என்ன நாடும்மா அது!”

நஜ்மாவில் அந்தப் பெண் கத்திரிக்கோலால் ஆகாமல் மீன் வெட்டும் கத்தியால் டேப்பை அறுத்து உன் ஓட்டை வெளியே எடுத்தாள். எடுத்து, டிவி ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடிக்கு அடியில் சொருகி, ‘பத்திரம் ஆன்ட்டி’ என்று போட்டோ அனுப்பினாள். இந்த நிமிடம்வரை அது அங்கேதான் இருக்கிறது. கருவாடு முறைப்படி கடல் தாண்டி, போன வாரமே உன் ஃபிரிட்ஜில் ஏறிவிட்டது. உன் வீட்டில் கருவாட்டுக்கு இருக்கும் பொறுப்பு உனக்கு இல்லை.

இதில் எனக்கு உண்மையாக எரிச்சல் மூட்டியது எது தெரியுமா? அன்று சாயங்காலம் நிவேதா கூப்பிட்டு, “அத்தை, அந்தச் சீட்டே வேண்டாம். அதை அனுப்பாம இருந்தா, இவர் நேர்ல போயே போடலாம். ரெண்டு வாரத்துக்கும் மேல முன்கூட்டியே போட விடறாங்க. எங்க அபார்ட்மென்ட்லேருந்து லைப்ரரிக்கு நடந்து போற தூரம்தான்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். அவள் அங்கே வேலை விசாவில் இருக்கிறவள். அவளுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவளுக்கு லைப்ரரி எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. ஓட்டு இருக்கிற நீ என்னைப் பார்த்து ஜெயில் என்று அலறத் தெரிந்தவன், ‘அது வேண்டாம்மா, நான் நேரில் போய்க்கொள்கிறேன்’ என்று சொல்லத் தெரியாதவன்.

அன்றிலிருந்து தினமும் கேட்டேன். “போனியா?” “நாளைக்கும்மா.” ஒருநாள் மழை. ஒருநாள் வரிசை நீளம். ஒருநாள் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தாய்; நடந்து போகிற தூரத்துக்குக் கார் எதற்கு என்று கேட்டால் போன் சிக்னல் போய்விடும். சனிக்கிழமையோடு அந்த முன்கூட்டிப் போடும் கதையும் முடிந்தது. இனி இன்றைக்கு ஒருநாள்தான். எந்த நல்ல காரியத்தையும் செவ்வாய்க்கிழமை தொடங்காதே என்று உன்னை வளர்த்தேன். அந்த நாட்டுக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் செவ்வாய்க்கிழமையில் தேர்தல் வைக்கிறார்கள். நீ சாக்குக்கு என் பேச்சையே எடுத்துக் காட்டிவிடுவாயோ என்று அந்தப் பயம் வேறு.

நேற்று கடைசியாகக் கேட்டபோது நீ சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. “ப்ரெசிடென்ட்டுக்கு வேணா போட்டுட்டு வந்துடறேம்மா. மத்ததெல்லாம் யாருன்னே தெரியாது. பெரிய பேப்பர்மா அது. அட்டர்னி ஜெனரலாம், ஆடிட்டராம், அக்ரிகல்ச்சர் கமிஷனராம். அட்டர்னி ஜெனரல் எவனா இருந்தா என்ன? எனிதிங் இஸ் ஃபைன்.”

எனிதிங் இஸ் ஃபைன்! அந்த மூன்று சொல்லை நீ பேச ஆரம்பித்த வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மட்டனா மீனா என்று நம் வீட்டில் ஓட்டெடுப்பு நடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா மட்டனுக்குக் கை தூக்குவார். நான் மீனுக்கு. நீ இதே சோபாவில் இதே மாதிரி மல்லாந்து படுத்துக்கொண்டு, “எனிதிங் இஸ் ஃபைன்மா.” ஒன்றுக்கு ஒன்று. நானும் இறங்கிவர மாட்டேன், அவரும் இறங்கிவர மாட்டார். கடைசியில் மூன்று பேரும் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு தயிர்சோறு சாப்பிடுவோம். அதைச் சாப்பிடும்போது உம்மென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் யார்? கை தூக்கித் தோற்ற எங்கள் இருவரில் யாரும் இல்லை. நீதான்!

சரி, அட்டர்னி ஜெனரல் எவனாக இருந்தால் என்ன என்று கேட்டாயே, சொல்கிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கார் வாங்கினாய். பளபளவென்று இருந்தது, போட்டோவில் நானே அதன் கண்ணாடியில் முகம் பார்த்தேன். இரண்டு மழை பெய்தது. கார் நாற ஆரம்பித்தது. உடனே எனக்குப் போன். “அம்மா, நீ குடுத்தனுப்பின கருவாடு டிக்கில கொட்டிடுச்சு போல. கார் ஃபுல்லா நாத்தம். ஆபீஸ்ல எவனும் ஏற மாட்டேங்கறான்.” என் நெத்திலியா? மூன்று சுற்று பாலிதீன், இரண்டு சுற்று டேப் போட்டு அனுப்பும் என் நெத்திலியா? நீ நம்பவில்லை. உன் அப்பாகூட, “கொஞ்சம் ஈரமா இருந்திருக்குமோ?” என்று ஒரு மாதிரி இழுத்தார். அந்தக் கேள்விக்காக அவர் பல நாள் தானே தோசை சுட்டுச் சாப்பிட்டார். அமெரிக்காவுக்குக் கருவாடு அனுப்ப இந்த வீட்டில் தடை விழுந்தது. சாம்ராஜ்யத்தை இழந்த ராணி மாதிரி அடுக்களையில் நடமாடினேன்.

அப்புறம் ஒரு மெக்கானிக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஆற்று வண்டல். புயல் வெள்ளத்தில் முழுகிக் கிடந்த காரை எவனோ காயப்போட்டு, மெருகேற்றி, உன் தலையில் கட்டியிருக்கிறான். விற்ற ஆள் போனை எடுக்கவில்லை. அப்போதுதான் கூட வேலை செய்யும் யாரோ உனக்கு வழி சொன்னார்கள்: அட்டர்னி ஜெனரல் ஆபீஸுக்குப் புகார் எழுது என்று. எழுதினாய். அந்த ஆபீஸிலிருந்து காரை விற்றவனுக்குக் கடிதம் போனதும், போனை எடுக்காத மனுஷன் வாசலுக்கே வந்து காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். உனக்குக் கார்ப் பிரச்சினை தீர்ந்தது. எனக்கோ, போன மானம் திரும்பி வந்தது. நாறியது வண்டலே தவிர நெத்திலி அல்ல என்று ஒரு மாநில அரசாங்கத்தின் ஆபீஸ் மூலமாக நிரூபணமானது. நீ இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது தனிக் கணக்கு. ஆனால் அந்த ஆபீஸின் நாற்காலிக்கு யார் வருவது என்று உன்னைக் கேட்கிறார்கள், நீ எவனாக இருந்தால் என்ன என்கிறாய். நான் கொதிக்காமல் என்ன செய்வேன்?

இந்தக் கதையை நான் அத்தர் கடையில் சொன்னதிலிருந்து அங்கே வேறு பேச்சே இல்லை. சதக் பாய்க்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. “நம்ம ஊருல அரசாங்க வக்கீல அரசாங்கமே பாத்து வச்சிக்கிடும். அங்க ஜனங்க ஓட்டுப் போட்டா வைக்கிறாஹ?”

“ஆமா பாய்.”

“அப்பம் வக்கீலு நம்ம வாசலுக்கு வந்து ஓட்டுக் கேப்பாரா?”

“கேப்பாரு.”

“அட அல்லாவே! நாம வக்கீலு வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் காத்துக் கெடந்த ஆளுவ.”

உன் அப்பாவுக்கு இது போதாதா? துணி ஆலை இயந்திரம் பொருத்தும் வேலைக்காக இரண்டு வருடம் அந்த மாநிலத்தில் இருந்தோம், நீ அங்கே பிறந்தாய், ஒப்பந்தம் முடிந்து கைக்குழந்தையோடு இங்கே வந்தோம். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு அவர் அந்த மாநிலத்தின் சரித்திரப் பேராசிரியர் ஆகிவிட்டார். “அந்த ஊரு ஆளுவ லேசுப்பட்டவங்க இல்ல பாய்” என்று தொடங்கினார். நாற்பது வருடத்துக்கும் மேலாக, ஒரே ஒரு தடவை தவிர, ஜனாதிபதிக்கு யானைச் சின்னத்துக் கட்சிக்கே போட்டுவரும் மாநிலமாம் அது. ஆனால் அட்டர்னி ஜெனரல் நாற்காலிக்கு மட்டும், நூறு வருடத்துக்கும் மேலாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் அத்தனை பேரும் கழுதைச் சின்னத்துக் கட்சிக்காரர்களாம். நடுவில் ஒருத்தர் நியமனத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போனதோடு சரி.

“ஒரே பேப்பருல யானைக்குமா, கழுதைக்குமா?” சதக் பாய் கையிலிருந்த அத்தர்க் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். “நம்ம ஊருல சின்னத்த மாத்திக் குத்துனா வீட்டுல சோறு கெடைக்காதே.”

“அதான் சொல்லுதேன். மேல ஒருத்தருக்குப் போட்டுட்டு, கீழ வரும்போது நின்னு நிதானிச்சு வேற ஆளுக்குப் போடுவாங்க. கடைசி ரெண்டு தடவ வித்தியாசம் எவ்வளவுங்கிய? நூத்துக்கு ஒரு ஆளுகூட இல்ல. ஒரு தடவ அரை ஆளு, மறு தடவ கால் ஆளு.”

“அந்த அரை ஆளு யாரா இருக்கும்?”

“எம்மவன்தான். அவன் முழுசா முழிச்சு நான் பாத்ததே இல்ல.”

கடை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துப் பார். அத்தர் விற்கிறவர், இயந்திரம் பொருத்துகிறவர், பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள், நஜ்மாவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டேப் அறுத்தவள், உன் பெண்டாட்டி. இத்தனை பேரும் ஒரு தேர்தலைப் பற்றி விழுந்து விழுந்து பேசுகிறோம். எங்களில் ஒருவருக்கும் அங்கே ஓட்டு இல்லை. இருக்கிற ஒரே ஆள் நாளைக்கு நாளைக்கு என்கிறான்.

நம் ஊரில் மட்டும் எனக்கு என்ன வாழ்ந்தது? நீ ஸ்கூலில் படித்தபோது ஒரு தேர்தலுக்குத் தூத்துக்குடி போனேனே. லீவு கேட்டபோது எங்கள் டாக்டர், “ஒரு ஓட்டுதானே, போறவங்க யார்கிட்டயாவது கொடுத்து விடக்கூடாதா?” என்றார். ‘கொடுத்துவிட்டால் அதற்குக் கள்ள ஓட்டு என்று பெயர், டாக்டர்’ என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி போய் வரிசையில் நின்றேன். மேஜையில் இருந்த பையன் பட்டியலை மேலும் கீழும் தடவினான்.

“உங்க பேரு இல்லியேக்கா.”

“நல்லாப் பாரு தம்பி.”

“வெளியூரு போயிட்டிய போலுக்கு. எடுத்துட்டாங்க.”

“நான் இங்கதான நிக்கேன்?”

“நிக்கிய. பட்டியல்ல இல்லியே.”

திரும்பி வரும் விமானத்தில் பக்கத்து இருக்கை, முன் இருக்கை எல்லாருடைய விரலிலும் மை. பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டை நீட்டியபோது நான் இடதுகையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு வலதுகையால் மட்டும் வாங்கினேன். அவள் எனக்குக் கை சரியில்லை என்று நினைத்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். என்ன பண்ணச் சொல்கிறாய்?

இங்கே யாரும் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. விசா வாங்கும்போதே தெரிந்த சமாச்சாரம். நல்லாத்தான் இருக்கிறோம். ஊரில் கேட்கப் போனால் பெயர் இல்லை என்கிறார்கள். ஆனால் நீ பிறந்த இடம் உன்னை மறக்காமல், உறையில் உன் பெயர் எழுதி, வீடு தேடி வந்து, ‘தம்பி, உங்களுக்கு அரசாங்க வக்கீலாக யார் இருக்கலாம், சொல்லுங்கள்’ என்று கேட்கிறது. என்னை ஒரு தடவை யாராவது அப்படிக் கேட்டிருந்தால், செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் நடந்தே போயிருப்பேன். நீ அந்த உறைமேல் தாம்பூலப் பை வைக்க இடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

யாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன். யானையோ கழுதையோ, அது உன் பாடு. அந்த இரண்டு பேரைப் பற்றியும் கொஞ்ச நேரம் படி. கார் டயர் வாங்க எவ்வளவு நேரம் படிக்கிறாய், அதில் பாதி போதும். பிறகு அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு வராதே. நீ வெறுமனே விட்டால் தயிர்சோறுதான் வரும். வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், அந்த முகத்தை இனி நிவேதா பார்க்கவேண்டும்.

அவளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி காயும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “அத்தை, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டதே நான்தான். இவர் எனிதிங் இஸ் ஃபைன்னு சொல்லிடுவாரோன்னு பயந்துட்டேதான் கேட்டேன்” என்றாள். “என்ன சொன்னான்?” என்றேன். “நல்லவேளை, சரின்னார்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் அப்படிப் பயந்திருக்கவே கூடாது. அவள் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் ஒரு கடையின் பெயரைச் சொல்லு. மட்டமான கடையாக இருந்தாலும் பரவாயில்லை, சண்டை போட ஒரு விஷயமாவது கிடைக்கும். எதுன்னாலும் ஓகே என்பதை நீ பெரிய தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். யோசிக்கிற வேலை முழுவதையும் அடுத்தவர் தலையில் இறக்கிவிட்டு, ருசி சரியில்லை என்று சொல்லும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறாய். உன் அப்பாவிடம் எத்தனையோ குறை உண்டு. ஆனால் மனுஷன் தோற்போம் என்று தெரிந்தும் வாராவாரம் மட்டனுக்குக் கை தூக்கினார்.

இதோ பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிறார்கள். அங்கே நன்றாக விடிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட எழுந்து போயிருக்கும். போனில் ஒன்றும் வரவில்லை. உன் அப்பா இப்போது எழுந்து உட்கார்ந்து ஏசியைப் பார்க்கிறார், அதுதான் முன்னேற்றம். இனி எழுதினால் திட்டிவிடுவேன். இதுவரை எழுதியது திட்டு இல்லையா என்று கேட்காதே.

இப்படிக்கு,
எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் உன் போனில் தவறாமல் இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு விளக்கை ஏற்றிவிட்டு வந்தால் போனில் ஒரு போட்டோ. உன் முகம் இருக்கும் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். உன் முகம் இல்லை. உன் ஃபிரிட்ஜ். அதற்குள், நான் கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பாட்டில். பாட்டில் மூடியின் மேல், ஓட்டுப் போட்டவர்களுக்கு அங்கே கொடுக்கும் அந்த வட்ட ஸ்டிக்கர். கீழே நீ எழுதியிருந்தாய்: ‘அட்டர்னி ஜெனரலுக்கும் போட்டாச்சு. யாருக்குன்னு கேக்காத, ரகசியம். நெத்திலிகிட்ட ஸாரி சொன்னேன்னு சொல்லு.’

உன் அப்பா எட்டிப் பார்த்தார். “யானையா கழுதையான்னு கேளு” என்றார். கேட்கக் கூடாதாம் என்றேன். ஒரு நொடி யோசித்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு சதக் பாய் கடைக்கு ஓடிவிட்டார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, படியில் சத்தம் கேட்டது. நான் மட்டும் உட்கார்ந்து அந்தப் போட்டோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன், இன்னும் கொஞ்சம். ஸ்டிக்கர் நேராகத்தான் ஒட்டியிருக்கிறாய். மூடிதான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

ஏல, மூடிய இறுக்கி மூடுல! காத்துப் பட்டா பூசணம் புடிச்சு ஃபிரிட்ஜே நாறிப்போவும். அதுக்கும் அந்த ஆபீஸுக்கே எழுதிப் போடுவியோ?